கறளுக்கு மேல் ஸ்ரிக்கர் ஒட்டலாமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்ந்த விலையில் புதுக் கார் பலருக்கு இன்னமும் எட்டாக்கனி. இருப்பதைப் பேணி ஓட்டுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பெற்றோல் தடைப்பட்ட போர்க்காலத்தில் ஒஸ்டின் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. இப்போது அந்தப் பேணலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மங்கிய குரோம் பட்டிகளைக் கறுப்பு வைனைல் தாளால் மூடுவது. வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யலாம். ஆனால் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த குடாநாட்டில், ஒட்டுவதற்கு முன் குரோம் எப்படிக் கெடுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பழைய கார் பம்பரின் பளபளப்பைத் தருவது பெரும்பாலும் நிக்கல். உருக்கின் மேல் சில பத்து மைக்ரோமீற்றர் தடிப்பில் நிக்கல்; அதற்கு மேல் குரோமியம், அரை மைக்ரோமீற்றர்கூட இராது. தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றுப் பட்டதும் குரோமியத்தின் மேல் உருவாகும் ஒட்சைட்டுப் படலம் அதைக் காக்கிறது. ஆனால் குரோமியப் படையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. சோளகக் காற்றோடு வரும் உப்பு ஈரத்தில் கரைந்து அவற்றினூடாக இறங்கினால், குளோரைட்டு முதலில் நிக்கலை அரிக்கும். குழி உருக்கைத் தொட்ட பிறகோ உருக்குத்தான் வேகமாகக் கரையும். கறள் தான் பிறந்த இரும்பைவிடக் கூடுதலான இடம் கேட்பது. அதனால் மேற்பூச்சை உள்ளிருந்தே தள்ளிக் கிளப்புகிறது. பருத்தித்துறைக் கரையோரத்தில் நிற்கும் கார்களின் பம்பரில் ஊசிமுனை அளவில் மண்ணிறப் புள்ளிகள் தெரிவது இதனால்தான்.

அந்தப் புள்ளிகளின் மேல் தாளை ஒட்டினால் கறள் மறையும், நிற்காது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைகிறது. எங்கள் இரவுகளில் அது சாதாரணம். தாளுக்கும் உலோகத்துக்கும் இடையே சிக்கிய உப்புநீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி அரிக்கும். சில மாதங்களில் தாள் பொருக்குப் போல் எழும்பும். ஆகவே என் முடிவு இதுதான்: குழி விழுந்த உருக்குப் பம்பருக்கு வைனைல் வேண்டாம். கழுவி, உலர்த்தி, மெழுகு பூசி வைப்பது மேல்.

ஜப்பானியக் கார்களின் கதை வேறு. அவற்றின் கிறில் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்ரிக்கின் மேல் பூசிய குரோம். உள்ளே இரும்பே இல்லாததால் கறளுக்கும் இடமில்லை. பூச்சு உரியாமல் இருந்தால் தாராளமாக ஒட்டலாம்.

ஒட்டும் வேலைக்கு முதல் எதிரி எங்கள் கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல்லிலிருந்து வரும் அந்த நீர் காய்ந்தால் வெண்படிவு விடும்; பசை அதில் பிடிக்காது. தண்ணீர் கலந்த வினாகிரியால் படிவைத் துடைத்து, உடனே கழுவி, உலர்ந்ததும் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் எண்ணெய்ப்பசையை எடுக்க வேண்டும். காற்று அடங்கிய காலை வேளையில், நிழலில் வேலையைத் தொடங்குங்கள். வளைவுகளுக்கு வார்ப்பு முறையில் செய்த மெல்லிய தாளே நல்லது. உருளையில் அழுத்திச் செய்த மலிவுத் தாள் சுருங்கப் பார்க்கும். வெப்பம் காட்டினால் தாள் இளகி வளைவுக்கு இணங்கும். ஆனால் இழுபட்ட பல்பகுதியச் சங்கிலிகள் பழைய வடிவுக்குத் திரும்பவே முயலும். இழுத்து ஒட்டிய ஓரங்களை முடிவில் மீண்டும் ஏறத்தாழ 90 பாகை செல்சியசுக்குச் சூடாக்குவது அந்த இழுவிசையைத் தளர்த்தத்தான். இதைச் செய்யாத வேலைதான் மூலையில் முதலில் கிளம்புகிறது. ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மிச்சம் விட்டு றப்பருக்குள் செருகுங்கள். பெயின்றின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டவே வேண்டாம். அந்தக் கீறலில் புதுக் கறள் தொடங்கும். பசை முழுப் பிடிப்பை அடைய ஓரிரு நாள் எடுக்கும். அதுவரை காரைக் கழுவாதீர்கள்.

குரோம் பூச்சை வணிக முறைக்குக் கொண்டுவந்த கொலின் ஃபிங்க் அதற்குக் காப்புரிமை பெற்றது 1926இல். வைனைல் தாளின் மூலப்பொருளான பிவிசியை இளகவைக்க வோல்டோ செமன் வழி கண்டதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. குரோம் பூசும் தொட்டியில் பயன்பட்டுவந்த அறுவலுக் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக எதுவும் எளிதில் கிணற்றுக்கு இறங்கிவிடும் நிலத்தில், அத்தகைய கழிவைக் கவனமின்றி விடுவதை நினைத்தாலே அச்சம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை நாம் கண்டிருக்கிறோம். அந்த வகையில் வைனைல் நல்ல மாற்று. ஆனால் பிவிசியின் நிறையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வாயுவும் டயொக்சின்களும் வரும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை வளவில் சருகோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். தனியாகக் கட்டி, குப்பை எடுக்க வரும் வண்டியில் கொடுத்துவிடுங்கள்.