அசலைத் தொடாத உதவித்தொகை

நம் பள்ளி ஆண்டு விழாக்களில் அறக்கட்டளைப் பரிசுகளைப் பார்த்திருப்போம். ஒருவர் தம் பெற்றோர் நினைவாக வங்கியில் வைப்புத்தொகை போட்டிருப்பார். அதன் வட்டியில் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவருக்குப் பரிசு கிடைக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே சில குடும்பங்கள், பள்ளி ஆலோசகர் ஆவதற்காக முதுகலை படிப்பவர்களுக்கென்றே இப்படி உதவித்தொகை ஏற்படுத்துகின்றன. ஏன் குறிப்பாக அவர்களுக்கு?

அங்கே பள்ளி ஆலோசகர் தனிப் பணியிடம். 1907-இல் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி முதல்வராக இருந்த ஜெசி டேவிஸ், ஆங்கிலப் பாடவேளையிலேயே தொழில் வழிகாட்டலைச் சேர்த்ததை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அறிவியலில் பின்தங்கிவிடுவோமோ என்ற பதற்றத்தில் அமெரிக்கா 1958-இல் இயற்றிய கல்விச் சட்டம், வழிகாட்டி ஆலோசகர்களின் பயிற்சிக்கும் நிதி ஒதுக்கியது. இன்று படிப்பு, எதிர்காலத் தொழில், மனநலம் மூன்றும் அவர் பொறுப்பு. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. 2022-23-இல் தேசிய சராசரி 385 மாணவருக்கு ஒருவர்.

இந்தப் பற்றாக்குறைக்குப் பணியிடங்கள் போதாமை ஒரு காரணம். படிப்பின் அமைப்பும் பலரைத் தயங்க வைக்கிறது. ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பின் விதிப்படி 100 மணி நேரத் தொடக்கப் பயிற்சி, அதன்பின் 600 மணி நேரப் பள்ளிப் பயிற்சி. வாரம் 20 மணி நேரம் என்றாலும் 30 வாரம் ஆகும். கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு. பெரும்பாலும் ஊதியம் கிடையாது. பள்ளி நேரத்தில்தான் செய்ய முடியும் என்பதால், பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படிப்பவர் வேலையைக் குறைக்கவோ விடவோ வேண்டும். ஏழ்மையை உள்ளிருந்து அறிந்த, குழந்தைகள் நம்பிப் பேசக்கூடிய ஒருவர் இந்தக் கட்டத்தில்தான் படிப்பை விட்டுவிட நேரும். சரியான நேரத்தில் வரும் சிறிய தொகைகூட அவரைத் தக்கவைக்கும்.

இனி, பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். குடும்பம் கொடுக்கும் அசலைப் பல்கலைக்கழகமோ அதன் அறக்கட்டளையோ முதலீடு செய்கிறது. ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் வரை மட்டுமே செலவுக்கு எடுப்பது பொதுவான வழக்கம். 50,000 டாலர் அசலில் 4 சதவீதம் என்றால் 2,000 டாலர். வருமானம் அதற்கு மேல் வந்தால் மிச்சம் அசலோடு சேரும். விலைவாசி ஏறினாலும் உதவித்தொகை தேயாமல் இருக்க இதுவே வழி. நம் பரிசுகளில் வட்டி முழுவதையும் கொடுத்துவிடுகிறோம். அன்று பெரிதாக இருந்த 1,000 ரூபாய் வைப்புக்கு 7 சதவீத வட்டி கிடைத்தாலும் இன்று கைக்கு வருவது 70 ரூபாய்தான். சான்றிதழுக்குச் சட்டம் போடக்கூடக் காணாது!

என் பார்வையில், தொகையைவிட முக்கியமானது கொடை ஒப்பந்தத்தில் எழுதப்படும் நிபந்தனை. 'அதிக மதிப்பெண் பெற்றவருக்கு' என்று எழுதினால் பணம் ஒருவரிடம் போகும். 'பள்ளிப் பயிற்சி ஆண்டில் இருக்கும், பொருளாதாரத் தேவையுள்ள மாணவருக்கு' என்று எழுதினால் வேறொருவரிடம் போகும். மிகக் குறுக்கி, ஒரே ஊர்க்காரருக்கு என்று எழுதிவிட்டால் தகுதியானவர் இல்லாத ஆண்டில் பணம் சும்மா கிடக்கும். அதனால் 'முன்னுரிமை' என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

நம் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 14417, 1098 எண்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையின் பக்கத்தில் உட்கார்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர்தான், அதுவும் அடுத்த மணி அடிக்கும்வரை. உளவியலோ சமூகப்பணியோ படிக்கும் முன்னாள் மாணவர்கள் நம்மிடமும் உண்டு. அடுத்த முறை கொடையாளர் ஒருவர் காசோலையோடு தலைமையாசிரியர் அறைக்கு வரும்போது, முதல் மதிப்பெண் பரிசோடு இந்தப் படிப்புகளுக்கான உதவித்தொகையையும் எடுத்துச் சொல்லலாம். வட்டியில் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு அசலில் சேர்ப்பது என்பதையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.