ஃபாங் சுவரும் தண்ணீர்க்காரரும்: 'எம்பரர்' விளையாட்டை வைத்து ஒரு குறிப்பு

'எம்பரர்: ரைஸ் ஆஃப் த மிடில் கிங்டம்' 2002 செப்டம்பரில் வெளிவந்தது. பிரேக்அவே கேம்ஸ் உருவாக்கி, சியரா வெளியிட்ட நகரம் கட்டும் விளையாட்டு. 'சீசர் 3' (1998), 'ஃபாரோ' (1999), 'ஜூஸ்' (2000) என்று வந்த வரிசையில் இது சீனா. ஷியா வம்சத்தில் தொடங்கி ஷாங், சோ, சின், ஹான், சுய், தாங் வழியாக சோங் காலம் வரை ஆடலாம். இதை விட்டு விட்டு இருபது வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் குறிப்பு விளையாட்டு விமர்சனம் இல்லை. அதில் எல்லோரும் கடைசியில் போய்ச் சேரும் ஒரு நகர வடிவம் இருக்கிறது. அது தாங் காலத் தலைநகரத்தின் வரைபடத்தைப் போலவே இருக்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் விளையாட்டின் எஞ்சினைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்த வரிசை விளையாட்டுகளில் ஒரு கிணற்றைக் கட்டினால் சுற்றியுள்ள வீடுகளுக்குத் தானாகத் தண்ணீர் போய்விடாது. கிணற்றிலிருந்து ஒரு தண்ணீர்க்காரர் கிளம்பி ரோட்டில் நடப்பார். அவர் யார் வீட்டைக் கடக்கிறாரோ அவர்களுக்குத்தான் தண்ணீர். மூலிகை வைத்தியர், வரி வசூலிப்பவர், சந்தையிலிருந்து கூடையோடு வரும் விற்பனையாளர், தீ விபத்தைத் தடுக்கும் இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் இதே கதைதான். ஆடுபவர்கள் இவர்களை 'வாக்கர்' என்பார்கள். குறிப்பிட்ட தூரம் நடப்பார், பிறகு வந்த இடத்துக்கே திரும்பிவிடுவார்.

பிரச்சினை முச்சந்தியில் வரும். எந்தப் பக்கம் திரும்புவது? அவருக்கு இலக்கு எதுவும் கிடையாது. 'சீசர் 3' விளையாட்டை ஆர்வலர்கள் 'ஜூலியஸ்' என்ற பெயரில் திறந்த மூல நிரலாகத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்த நிரலில் ரொம்ப எளிமையான ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே ஒரு ரேண்டம் எண் உண்டு. அதோடு இந்த ஆள் எத்தனையாவதாகப் பிறந்தார் என்ற எண்ணைக் கூட்டி, அதிலிருந்து திசையை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திசையில் ரோடு இல்லையென்றால் அடுத்த திசை. அவ்வளவுதான். எந்த வீட்டில் தண்ணீர் தீர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. 'எம்பரர்' அதே குடும்பம். பார்க்கவும் அதே மாதிரிதான் அலைகிறார்கள்.

இதன் விளைவு எல்லோருக்கும் தெரிந்ததே. அழகாகக் குறுக்கும் நெடுக்குமாக ரோடு போட்ட புது ஆட்டக்காரரின் நகரம் அரை மணி நேரத்தில் சரிந்துவிடும். தண்ணீர்க்காரர் ஆளே இல்லாத இரும்புப் பட்டறைப் பக்கம் உலாப் போயிருப்பார். வீடுகள் தரம் இறங்கும், ஜனங்கள் வெளியேறுவார்கள். அனுபவஸ்தர்கள் என்ன செய்வார்கள் என்றால், சந்தியே இல்லாத வளையமாக ஒரு ரோடு போடுவார்கள். சுற்றிலும் வீடுகள், நடுநடுவே கிணறு, சந்தை, வைத்தியசாலை. வெளி உலகத்தோடு இணையும் இடத்தில் ஒரு ரோடுபிளாக். இலக்கில்லாமல் அலைபவர்களை அது திருப்பி அனுப்பும். சரக்கு வண்டிக்காரர் மாதிரி போகுமிடம் தெரிந்தவர்களை விட்டுவிடும். 'எம்பரரில்' இதற்குக் குடியிருப்புச் சுவர், குடியிருப்பு வாயில் என்று தனிக் கட்டுமானங்களே உண்டு. சுவர் எழுப்பி, வாயில் வைத்து, உள்ளே ஒரு முழுமையான சின்ன ஊர். அது நிரம்பியதும் பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று. வெற்றிகரமான பெரிய நகரத்தைத் தூர நின்று பார்த்தால் மதில் சூழ்ந்த கட்டம் கட்டமாக இருக்கும்.

இப்போது சாங்ஆன்.

இன்றைய சியான் நகரம் இருக்கும் இடம். சுய் பேரரசர் வென் ஆணையிட, யூவென் காய் திட்டமிட்டு, 582-இல் கட்டத் தொடங்கிய ஊர். அப்போது பெயர் தாஷிங். தாங் வம்சம் வந்ததும் சாங்ஆன் என்ற பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். வெளிமதில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 9.7 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 8.6 கிலோமீட்டர். மொத்தம் 84 சதுர கிலோமீட்டர். நடுவில் ஓடிய சூச்சுவே பெருவீதியின் அகலம் மட்டும் சுமார் 150 மீட்டர். நம்ம நாலு வழிச்சாலை எதையும் இதோடு ஒப்பிட முடியாது. இந்தப் பரப்பை 108 ஃபாங்குகளாகப் பிரித்திருந்தார்கள். ஃபாங் என்றால் மதில் சூழ்ந்த குடியிருப்புப் பேட்டை என்று வைத்துக்கொள்ளலாம். சின்னவை அரை கிலோமீட்டர் பக்கம், பெரியவை ஒரு கிலோமீட்டரையும் தொட்டன. மண்ணை இடித்துக் கெட்டித்த சுவர், அடியில் இரண்டரை மூன்று மீட்டர் கனம். பெரும்பாலானவற்றில் நான்கு திசைக்கும் வாயில், உள்ளே சிலுவை மாதிரி தெரு. அரண்மனைக்கு நேர் தெற்கே இருந்தவற்றில் கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் வாயில். கிழக்குச் சந்தை, மேற்குச் சந்தை என்று இரண்டு சந்தைகள், இரண்டும் தனித்தனி மதிலுக்குள். வியாபாரம் அங்கேதான் நடக்கவேண்டும் என்பது சட்டம்.

இது தாங் ஆட்சியில் உச்சத்தில் இருந்தபோது ஜனத்தொகை பத்து லட்சத்தை நெருங்கியது என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஜப்பானில் 710-இல் நாராவையும் 794-இல் கியோத்தோவையும் கட்டியவர்கள் இந்த வரைபடத்தைத்தான் முன்மாதிரியாக எடுத்தார்கள்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'அட!' என்று தோன்றும். விளையாட்டைச் செய்தவர்கள் வரலாற்றைப் படித்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். குடியிருப்புச் சுவர் என்ற கட்டுமானம் இருப்பதைப் பார்த்தால் படித்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் அதே மூடிய வளைய வடிவத்தை ரோம் ஆட்டத்திலும் எகிப்து ஆட்டத்திலும் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கெல்லாம் சாங்ஆன் கிடையாது. ஆக இந்த வடிவத்தைக் கொண்டுவருவது வரலாறு இல்லை, வாக்கர் அல்காரிதம்தான்.

அப்படியானால் ஒற்றுமை வெறும் தற்செயலா? என் கருத்து, தற்செயலை விட மோசம். ஒரே சுவர், எதிரெதிர் வேலை.

விளையாட்டில் சுவர் யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்க்காரரை, வைத்தியரை, விற்பனையாளரை. அதாவது சேவை செய்பவரை, குடியிருப்பவருக்காக, உள்ளேயே இருக்க வைக்கிறது. குடியிருப்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே கிடையாது! வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் மொத்த ஜனத்தொகையிலிருந்து ஒரு எண்ணைக் கழித்துக்கொள்கிறது நிரல். பட்டறைத் தொழிலாளி காலையில் வாயிலைத் தாண்டிப் போய் மாலையில் திரும்பும் காட்சி இந்த விளையாட்டில் இல்லை. நடக்காத மனிதருக்குச் சுவர் ஒரு தடையா என்ன?

தாங் காலத்தில் சுவர் தடுத்தது குடியிருப்பவரை. ஒவ்வொரு ஃபாங்குக்கும் ஃபாங்செங் என்று ஒரு பொறுப்பாளர். வாயில் சாவி அவர் கையில். யார் வருகிறார், என்ன தப்பு நடக்கிறது என்று கண்காணிப்பதும் அவர் வேலை. மாலையில் முரசு அடித்ததும் வாயில் மூடும், விடியற்காலை முரசுக்குத்தான் திறக்கும். ஆரம்பத்தில் ஆட்கள் கூவித்தான் நேரம் அறிவித்தார்கள். மா சோ என்ற அமைச்சரின் யோசனைப்படி பேரரசர் தாய்சோங் காலத்தில் தெரு முரசு வந்தது. மூடிய பிறகு பெருவீதியில் அகப்பட்டால் தாங் சட்டத் தொகுப்பின்படி இருபது அடி. அரசு வேலை, சாவு, நோய் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஃபாங்குக்குள்ளேயே இரவில் நடமாடலாம், அதற்குத் தடையில்லை. வருடத்தில் முதல் மாதப் பௌர்ணமியை ஒட்டிய விளக்குத் திருவிழாவுக்கு மூன்று இரவுகள் மட்டும் ஊரெல்லாம் திறந்துவிடுவார்கள். அந்த மூன்று இரவுகளுக்கு ஜனங்கள் எவ்வளவு காத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதில் இன்னொரு சங்கதி. வீட்டு வாசலைப் பெருவீதியைப் பார்த்துத் திறக்க சாதாரண ஆளுக்கு அனுமதி இல்லை, ஃபாங்குக்கு உள்ளேதான் திறக்கவேண்டும். மூன்றாம் நிலைக்கு மேற்பட்ட அதிகாரிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை. அதனால் 150 மீட்டர் அகலப் பெருவீதியின் இரு பக்கமும் கடை இல்லை, வாசல் இல்லை, வெறும் மண்சுவர்தான். சந்தைக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. நண்பகலில் 300 முரசு அடித்துத் திறப்பு, சூரியன் மறைவதற்கு முன்பே 300 முறை சேகண்டி அடித்து மூடல்.

(நம்ம ஊர் கேட்டட் கம்யூனிட்டி எந்த வகை? வாசலில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது சாப்பாடு கொண்டுவரும் பையனும் வேலைக்கு வரும் அம்மாவும்தான். குடியிருப்பவர் காரில் நிற்காமல் போவார். தடுக்கப்படுபவர் யார் என்று பார்த்தால் இது தாங் வகை இல்லை, விளையாட்டு வகைக்குப் பக்கம்.)

சரி, அந்தச் சுவர் எப்படிப் போனது?

இதில்தான் விளையாட்டுக்கும் வரலாற்றுக்கும் இடையிலான விரிசல் பெரிதாகிறது. தாங் ஆட்சியின் பின்பாதியிலேயே ஜனங்கள் சுவரைக் குடைந்து வாசல் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், தெருவில் தள்ளிக் கட்டினார்கள். தடை ஆணைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே தடையைப் பல முறை போடவேண்டியிருக்கிறது என்றால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். பிறகு தலைநகரமே இடம் மாறியது. சாங்ஆனுக்கு நெடுங்காலமாகவே சாப்பாட்டுப் பிரச்சினை. கிழக்கிலிருந்து தானியம் வரவேண்டும், மஞ்சள் நதியின் சான்மென் பாறை இடுக்கில் படகுகள் உடையும். பஞ்ச காலத்தில் தாங் பேரரசர்களே பரிவாரத்தோடு லுவோயாங்குக்குக் கிளம்பியிருக்கிறார்கள். சோங் வம்சம் தேர்ந்தெடுத்த காய்ஃபெங் இன்னும் கிழக்கே, பியன் கால்வாயின் கரையிலேயே இருந்தது. தெற்கத்திய அரிசி படகில் நேராக ஊருக்குள் வந்துவிடும்.

காய்ஃபெங் அளவெடுத்து வெற்று நிலத்தில் கட்டிய ஊர் இல்லை, வியாபாரத்தால் வீங்கிய ஊர். 965-இல் சோங் பேரரசர் தாய்சு, மூன்றாம் ஜாமம் வரை இரவுச் சந்தையைத் தடுக்கவேண்டாம் என்று ஆணையிட்டார். அடுத்த நூற்றாண்டில் தெரு முரசே நின்றுபோனது. அந்த ஊரை ஜுர்சென் படைகளிடம் பறிகொடுத்து தெற்கே ஓடிய மெங் யுவான்லாவ் 1147-இல் முன்னுரை எழுதி முடித்த நினைவுப் புத்தகத்தில், மூன்றாம் ஜாமம் வரை நடக்கும் சந்தையும், ஐந்தாம் ஜாமத்தில் மறுபடி திறக்கும் கடைகளும் வருகின்றன. சாங் செத்வான் வரைந்த புகழ்பெற்ற 'சிங்மிங்' ஆற்றங்கரை ஓவியச் சுருளைப் பார்த்தால் தெருவை நோக்கித் திறந்த கடைகள்தான். பாலத்தின் மேலேயே கடை போட்டிருக்கிறார்கள். ஃபாங் சுவரைக் காணோம்.

விளையாட்டிலும் சோங் காலம் வருகிறது. புதுச் சரக்குகள், புது வசதிகள் எல்லாம் வரும். ஆனால் உகந்த நகர வடிவம் மட்டும் மாறாது. ஷாங் காலத்தில் எந்த மூடிய வளையம் ஜெயித்ததோ அதேதான் சோங் காலத்திலும் ஜெயிக்கும். காரணம் சுலபம். விளையாட்டில் சந்தை என்பது ஆட்டக்காரர் வைக்கிற அரசாங்கக் கட்டடம். கடைக்காரர் என்று ஒருவர் லாபத்துக்காக எங்கே கூட்டம் இருக்கிறதோ அங்கே போய்க் கடை போடுவது அதில் கிடையாது. காய்ஃபெங்கை உண்டாக்கிய ஆளே நிரலில் இல்லை. சோங் அரசின் வருமானத்தில் வியாபார வரிக்குப் பெரிய பங்கு இருந்ததால், சுவர் இடிந்ததை அரசு சகித்துக்கொள்ளக் காரணமும் இருந்தது. விளையாட்டில் அந்தக் கணக்கும் வராது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2002-இல் ஒரு சாதாரண வீட்டுக் கணினியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொந்த இலக்கு கொடுத்து நடக்கவிடுவது சுலபமில்லை. முட்டாள் வாக்கர்தான் கட்டுப்படியாகும், அதுதான் ஆட்டத்தைப் புதிராகவும் ஆக்குகிறது. ஆனால் இந்த வகை விளையாட்டை ஆடியே சீன வரலாறு கற்றுக்கொண்டதாகச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு நெருடும். கட்டடப் பெயர், சரக்குப் பெயர், வம்ச வரிசை எல்லாம் சரிதான். ஆனால் மதிலைக் கட்டியதும் 'ஜனங்கள் திருப்தி' என்று திரையில் வருகிறதே, அது எஞ்சின் பேசுவது. இருபது அடி வாங்கினவனிடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு சோங் கால நகரத்தைச் சேமித்துவிட்டு, எல்லாக் குடியிருப்பு வாயிலையும் இடித்தேன். சுவரைத் திறந்து நாலு பக்கமும் ரோடு இணைத்தேன், காய்ஃபெங் மாதிரி. கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர்க்காரர் ஒருவர் ஊர் எல்லை வரை போய் வயல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மூலிகை வைத்தியர் களிமண் குழிப் பக்கம். வீடுகள் ஒவ்வொன்றாகத் தரம் இறங்கி, மூட்டை தூக்கிக்கொண்டு ஜனங்கள் வெளியேறும் வரிசை ஆரம்பித்தது. தெருவோரம் ஒரு கடைகூட முளைக்கவில்லை. சேமித்த கோப்பைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன்.