பிங் மறுமொழியும் பழைய தொழிலக நெறிமுறையும்: மாட்பஸ் பழுதாய்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வலையமைப்பில் பழுது தேடுவோர் முதலில் கையாளும் கருவி பிங் கட்டளை. மாட்பஸ் போன்ற பழைய நெறிமுறையில் அதன் மறுமொழி எதனை உறுதிசெய்கிறது, எதனை உறுதிசெய்வதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

இராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்க் காமராசர் துறைமுகம், அத்திப்பட்டு அனல்மின் நிலையம் ஆகியன அமைந்த வடசென்னைத் தொழிற்பகுதி, அளவீட்டுக் கருவிகளை நம்பி இயங்குவது. இத்தகைய தொழில்களில் உலகெங்கும் பரவலாக வழங்கும் நெறிமுறை மாட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979இல் இதனைச் சீரியல் இணைப்புக்கென வெளியிட்டது, அதில் ஐ.பி. முகவரிக்கு இடமில்லை. ஐ.பி. வலையமைப்புக்கான பிங் நிரலை மைக் மூஸ் 1983இல் எழுதினார்.

நுழைவாயிலின் மறுமொழி

பழைய சீரியல் கருவிகளை இன்றைய வலையமைப்போடு இணைப்பது கேட்வே எனப்படும் நுழைவாயில். பிங் கோரிக்கைக்கு விடையளிப்பது அதுவே. அதன் பின்னுள்ள கருவி அன்று. எண்ணெய்த் தொட்டியின் மட்டமானி செயலிழந்தாலும் பிங் வெற்றியே காட்டும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் பழைய அளவு அப்படியே நின்றால், தொட்டி நிரம்பி வழிவதை எவரும் அறியார்.

காலக் கணக்கு

நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 10 பதிவேடுகளைப் படிக்கக் கோரிக்கைக்கு 8, விடைக்கு 25 என 33 பைட்டுகள் செல்லவேண்டும். பைட்டுக்கு 11 பிட் எனக் கொண்டால் இதற்குக் குறைந்தது 38 மில்லிநொடி ஆகும். ஒரே தடத்தில் 30 கருவிகள் இருப்பின் ஒரு சுற்றுக்கு 1.1 நொடிக்கு மேலாகும். பிங் காட்டும் 1 மில்லிநொடி இத்தாமதத்தைச் சுட்டாது.

தோல்வியைப் பொருள்கொள்ளல்

மறுமொழி வாராமையும் பழுதுக்குச் சான்றாகாது. தீயரண் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். மேலும், ‘இலக்கை அடைய இயலவில்லை’ என்னும் செய்தியையும் விண்டோஸ் பெறப்பட்ட மறுமொழியாக எண்ணுவதால், இழப்பு 0 விழுக்காடு எனத் தோன்றலாம். எனவே விழுக்காட்டைவிட, விடையனுப்பிய முகவரியை நோக்குவதே முறை.

முடிவுரை

பிங்கை அடுத்து டி.சி.பி. 502ஆம் எண் திறக்கிறதா என்பதையும், பின்னர் உரிய கருவி எண்ணுக்கு ஒரு பதிவேட்டைப் படிக்க முடிகிறதா என்பதையும் சோதிக்கவேண்டும். 10 என்னும் பிழைக்குறியீடு நுழைவாயிலின் உள்வழித் தடையையும், 11 என்பது பின்னுள்ள கருவியின் மௌனத்தையும் சுட்டும். பின்னது கருவிப் பழுதாலோ, வடம் அறுந்ததாலோ, கருவி எண் அல்லது வேகம் பிழையாக அமைக்கப்பட்டதாலோ நேரலாம். பிங் பழுதாய்வின் முதற்படி மட்டுமே. கருவி இயங்குகிறது என்பதற்குக் கருவி தரும் அளவீடே சான்று.