முல்லர் என்னும் குடும்பப் பெயர்

ரிக்வேதத்தைச் சாயண பாஷ்யத்தோடு அச்சேற்றிய மாக்ஸ் முல்லரின் பெயர் நம் நாட்டில் கற்றோர் யாவருக்கும் பழக்கமானதே. அந்த முல்லர் என்பது ஜெர்மானிய பாஷையில் மாவு அரைக்கும் ஆலைக்காரனைக் குறிக்கும் தொழிற்பெயர்; ஜெர்மனியில் அதனினும் பரவலான குடும்பப் பெயர் இன்று வேறில்லை.

ஊருக்கு ஒருவனாக இருந்தவனுடைய தொழிற்பெயர் தேசத்திலேயே முதலிடம் பெற்றதற்கு அவன் ஒருவனாக இருந்ததே காரணம். 12-ஆம் நூற்றாண்டு முதலாக ஜனங்கள் பெருகி, யோஹான் என்ற பெயர் ஒரே ஊரில் பலருக்கு அமைந்தபோது, எல்லோரும் உழவராயிருந்த இடத்தில் உழவன் என்ற அடைமொழி எவனையும் பிரித்துக் காட்டாது. ஓடைக்கரை ஆலைக்கார யோஹான் என்றாலோ சிறு பிள்ளைக்கும் ஆள் விளங்கும். இவ்வாறு ஊர்தோறும் தனித்தனியே தோன்றிய பெயர் வடபிரதேசத்தில் மொல்லர் என்றும், பவேரியாவில் மில்லர் என்றும் வழங்கியது.

அவ்வாலையில், நீர் விழுந்து சுழலும் மரச்சக்கரத்தின் அச்சு பற்சக்கரங்களின் வழியே மேற்கல்லைத் திருப்ப, அசையாத அடிக்கல்லுக்கும் அதற்கும் இடையே வரிப்பள்ளங்களில் அகப்பட்ட தானியம் அறுபட்டு, மாவாகி விளிம்பில் உதிரும். பள்ளங்கள் மழுங்கியபோது மேற்கல்லைப் புரட்டிப்போட்டுப் பொறுமையாகக் கொத்துவது ஆலைக்காரனின் வித்தை. பல இடங்களில் பிரபுவின் ஆலையிலன்றி வேறெங்கும் குடியானவர் அரைக்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்ததாலும், கூலியை மாவிலேயே எடுத்துக்கொண்டதாலும், அளவில் வஞ்சிப்பவன் என்ற பழி அவனைத் தொடர்ந்தது. அதற்காக அவ்வினத்தார் அனைவரையும் தாழ்வாக எண்ணி, அவர்கள் புதல்வரைச் சில தொழிற்சங்கங்கள் சேர்க்க மறுத்தது பெரும் அநீதி.

பெயர் பரம்பரையாக நிலைத்தபின் தொழிலோடு அதற்குச் சம்பந்தம் அற்றது. மாக்ஸ் முல்லரின் பாட்டனார் தெஸ்ஸௌ நகரத்துத் தையற்காரர். அவர் மகன் வில்ஹெல்ம் கவிஞராகி, ஆலைக்காரன் மகளைக் காதலித்த வாலிபனைப் பற்றிப் பாடிய பாடல்களுக்கு ஷூபர்ட் இசையமைத்தது, மாக்ஸ் பிறந்த 1823-ஆம் ஆண்டிலேயே.

18-ஆம் நூற்றாண்டில், யுத்த நாசமும் வரிச்சுமையும் தாங்காமல் ரைன் நதிப் பிரதேசத்தைவிட்டு, ராட்டர்டாமில் கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்குச் சென்றோருள் முல்லர்கள் மிகப் பலர். 1763-இல் ரஷ்யாவின் காதரீன் அரசி விடுத்த அழைப்பை ஏற்று வோல்கா நதிக்கரையில் குடியேறியவர்களும் உண்டு. பென்சில்வேனியாவின் துறைமுகமான பிலடெல்பியாவில் ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதாலும், குடியேறியோர் தாமே நாளடைவில் மாற்றிக்கொண்டதாலும், முல்லர் அங்கே மில்லர் ஆயிற்று. ஆகவே அமெரிக்காவில் மில்லர் ஒருவரைச் சந்திக்கும் வாசகர், அவர் முன்னோர் ஆங்கிலேயரே என்று முடிவுகட்ட வேண்டாம். அக்குடும்பத்தின் பழைய தேவாலயப் பதிவேட்டில் முல்லர் என்றே எழுதியிருக்கக்கூடும்.