ஹெல்மெட்டுக்கு முன்னால் ஒரு கையெழுத்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்க்கும் அவள் மகன் செல்போனை என்னிடம் நீட்டினான். அவன் பிறந்தநாளுக்குக் கூட்டாளிகள் பணம் சேர்த்து, ரேஸ் டிராக்கில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட ஆறு சுற்றுக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள்.

"எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க மாமா. எல்லாரும் போடறதுதானாம்."

ஏழு பக்கம், எல்லாம் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில், நடத்துபவரின் அலட்சியத்தாலேயே காயமோ மரணமோ நேர்ந்தாலும் நானோ என் வாரிசுகளோ எதுவும் கேட்க மாட்டோம் என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், காருக்கு ஏற்படும் சேதம் முழுவதும் ஓட்டியவர் பொறுப்பு என்று இருந்தது. இரண்டையும் தமிழில் சொன்னேன். அக்கா நாடாவைக் கையில் பிடித்தபடியே நிறுத்தினாள்.

"முழுசும்னா எவ்ளோ தம்பி?"

படிவத்தை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஒரு தொகைகூட அதில் எழுதியிருக்கவில்லை. ஓட்டப்போகும் காரின் விலையோ கோடிக்கணக்கில்.

முதல் முறை டிராக்குக்குப் போகிற எல்லோருக்காகவும் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அக்காவின் அந்தக் கேள்விதான். போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேகத்தின் மேல் ஆசை உள்ள பிள்ளைக்கு ஆரணி – ஆற்காடு சாலையைவிட வேலி போட்ட டிராக் எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். டிராக் வாசலில் நம்முடைய இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் நின்றுவிடும். நடத்துபவரின் பொறுப்பு அங்கே நிற்காது. நம் பிள்ளைகள் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்று தனி டிராக் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் ரேஸ் வீரர் கரிவர்தன் பெயரில் இன்னொன்று. நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது இந்த மண்ணிலிருந்துதான். இப்போது அஜித் குமார் ரேஸ் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டிராத பிள்ளைகள்கூட டிராக் பேச்சுப் பேசுகிறார்கள்.

அஜித்தின் கார் 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவை எல்லோரும் பார்த்தோம். அவர் நடந்து வெளியே வந்தார். அது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. ரேஸ் காருக்குள் இரும்புக்குழாய்க் கூண்டு இருக்கிறது. தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் இருக்கிறது. தலை முன்னால் வீசப்படாமல் பிடிக்கும் கழுத்துக் கருவியும் தீப்பிடிக்காத உடையும் உண்டு. வாடகைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் இவை இருக்காது. ஷோரூமிலிருந்து வந்த அதே பெல்ட்தான். வேகம் மட்டும் அதே வேகம்.

அந்த வேகத்தை நம்ம ஊர் அளவில் சொல்கிறேன். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். பிரேக் போட வேண்டும் என்று மனதுக்குத் தோன்றி கால் அசைய ஒரு நொடி ஆனால், ஒன்பது சேலையை வரிசையாக விரித்த தூரம் கார் போயிருக்கும். பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். வேகம் மூன்று மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. ஊருக்குள் 60-இல் ஓட்டிப் பழகிய காலுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

தறியில் தப்பான மிதிப்பலகையை அழுத்தினால் டிசைன் கெடும், பிரித்து நெய்துகொள்ளலாம். இங்கே காலின் தப்புக்கு அப்படிப் பரிகாரம் கிடையாது. வளைவில் வேகம் அதிகம் என்று பயந்ததும் புதியவர் செய்வது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பது. உடனே எடை முன்பக்கம் சாயும், பின் சக்கரங்களின் பிடி தளரும், கார் சுழலும். பிரேக்கை வளைவுக்கு முன்னால், நேர்பாதையிலேயே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் கால் மெதுவாகத்தான் அசைய வேண்டும். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும். சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கார் சுவருக்குத்தான் போகும். பயிற்சியாளர் இல்லாமல் முதல் முறை ஏறாதீர்கள். வகுப்பு எடுக்காமல், மெதுவாக ஒரு பார்வைச் சுற்று போகவிடாமல், கொடிகளை விளக்காமல் நேரே சாவியைக் கொடுப்பவரிடம் ஓட்டவே வேண்டாம். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகத் திரும்பி வர வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது.

பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பதே முழுப் பாதுகாப்பும் அல்ல. 2015 ஏப்ரலில் அமெரிக்காவில், ஆர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னி வளாகத்து டிராக்கில் ஒரு வாடிக்கையாளர் லம்போர்கினி ஓட்டினார். கார் கட்டுப்பாடு இழந்து தடுப்பு இரும்பின் முனையில் மோதியது. ஓட்டியவர் பிழைத்தார்; பக்கத்து இருக்கையில் இருந்த 36 வயதுப் பயிற்சியாளர் இறந்தார். அந்த டிராக் எந்தத் திசைக்காகக் கட்டப்பட்டதோ அதற்கு எதிர்த் திசையில் அன்று கார்களை ஓடவிட்டிருந்தார்கள்.

அனுபவமும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியில், எல்லோரும் மதித்த மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் 59 வயதில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில் பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் இறந்தான். டிராக்கில் ஆம்புலன்ஸும் டாக்டரும் இருந்தும் நடந்தவை இவை. அவையும் இல்லாத இடத்தில் ஓட்டலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

சொந்தக் காரை எடுத்துப் போகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பள்ளம் பள்ளமாகக் கோடுகள் நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் பழைய ரப்பர்தான். ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013-இல் இறந்த காரின் டயர்கள் ஒன்பது வருடப் பழசு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் டிராக் சூட்டில் கொதித்து, பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி உள்ளே போகும். போவதற்கு முன் மாற்றுங்கள். ஓட்டி முடித்ததும் மெதுவாக ஒரு சுற்று போய் ஆறவிடுங்கள். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள்.

இனி பாலிசி. வீட்டில் இருக்கும் கார் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்ற பத்தியைப் பாருங்கள். வாடகைக்கு விடுதல், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இந்த பாலிசி செல்லாது என்று இருக்கும். "நான் பந்தயம் ஓட்டல, சும்மா ரெண்டு ரவுண்டு போனேன்" என்று சொல்லலாம். கம்பெனி ஒத்துக்கொள்ளாது, வழக்குதான் மிஞ்சும். டிராக்கில் நடந்ததைச் சாலையில் நடந்ததாக எழுதிக்கொடுக்கச் சொல்லும் புண்ணியவான்களும் உண்டு. செய்யாதீர்கள். அது மோசடி, கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும்.

மருத்துவ பாலிசியில் ஒரு சொல் நமக்குச் சாதகமாக இருக்கிறது, பலருக்கும் தெரியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த விதிவிலக்கில், மோட்டார் ரேஸ் உள்ளிட்ட ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்று வரும் காயத்துக்குத்தான் சிகிச்சைச் செலவு கிடையாது என்று இருக்கிறது. பிறந்தநாளுக்கு ஆறு சுற்று ஓட்டியவன் தொழில்முறை வீரன் அல்ல. இந்தக் காரணம் காட்டி கிளெய்மை மறுத்தால் அந்தச் சொல்லைக் காட்டி எதிர்த்து எழுதுங்கள். கம்பெனி ஒரு மாதத்துக்குள் சரியான பதில் தராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தனிநபர் விபத்து பாலிசியும் ஆயுள் காப்பீட்டின் விபத்துப் பலனும் வேறு கதை. அவற்றில் பந்தயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் போயிற்றா? இல்லை. தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஒரு தீர்ப்பு சொன்னது. 1998-இல் அந்த ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய ஒரு மாருதி ஜென் திருடுபோனது. பார்க்கிங் சீட்டில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருந்ததைக் காட்டி ஹோட்டல் தப்பப் பார்த்தது. தன் ஊழியரின் அலட்சியத்துக்கு அந்த வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்றது நீதிமன்றம். அது டிராக் வழக்கு அல்ல. ஆனாலும் "எங்கள் அலட்சியத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதிவைத்திருக்கும் எவரையும் எதிர்த்துப் பேச அதில் இடம் இருக்கிறது. விளையாட்டுக்கே உரிய ஆபத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். தேய்ந்த பிரேக்கையும், தவறான இடத்தில் நட்ட தடுப்பையும், வராத ஆம்புலன்ஸையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மரணம் நேர்ந்தால் அலட்சியத்துக்கான குற்ற வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் வரும். ஐந்து ஆண்டு வரை சிறை. எந்தப் படிவமும் அதை அழிக்காது. 2005-இல் கலிபோர்னியாவில் ஒரு டிராக் நாளில் போர்ஷே கார் சுவரில் மோதி இருவர் இறந்தபோது, விலக்குப் படிவத்தில் கையெழுத்து இருந்தும் வழக்கு தள்ளுபடியாகாமல் நடந்தது. சுமார் 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்க்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அந்தப் புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையம் போதும். டிராக் எங்கே இருந்தாலும் ஆரணிக்காரர் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது இந்தச் சட்டம் தந்த பெரிய சலுகை. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மழையால் ரத்தான நிகழ்ச்சிக்குப் பணம் திரும்பாது என்பவரை எதிர்க்கவும் இதே வழிதான். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பாருங்கள். சட்ட உதவி வேண்டுவோருக்கு 15100.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். ஆள் பெயரில் ஜிபே பண்ணாமல், கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் அங்கேயே போட்டோ எடுங்கள். காரில் ஏறும் முன் நான்கு பக்கமும் கீறல், பள்ளம் தெரிய வீடியோ எடுங்கள். அடிபட்டால் எவ்வளவு சின்னக் காயமானாலும் ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். போலீஸில் எழுத்தாகப் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள்.

இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து வெள்ளை போர்டு ஸ்போர்ட்ஸ் காரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருபவர்களிடம் போகவே வேண்டாம். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோகக் காரை வாடகைக்கு விட்டால் பாலிசி கை கழுவிவிடும். அதைப் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவி கொடுத்து அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 அபராதமும்.

அக்கா மகன் அன்று கையெழுத்துப் போடவில்லை. மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினான். கார் சேதத்துக்கு அதிகபட்சம் நான் எவ்வளவு கட்ட வேண்டும்? ஓட்டுபவருக்கு எந்த கம்பெனியில், எவ்வளவுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள்? டாக்டரும் ஆம்புலன்ஸும் தீயணைப்பும் அன்று முழுக்க டிராக்கில் இருக்குமா? முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் நான்கு நாளில் பதில் வந்தது. சேதத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறதாம், கேட்டால்தான் சொல்வார்களாம். இரண்டாவதுக்கு இதுவரை பதில் இல்லை. பதில் வந்தபிறகு தேதி வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் எழுதிவிட்டான்.

நீங்களும் இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.