ஏரி நுரைத்தால் யாரைக் கேட்பது?

2016 மார்ச் மாதம் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அதே நகரின் பெல்லந்தூர் ஏரி நுரையில் 2015 மே மாதம் தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அந்த ஏரியில் மறுபடி தீ. 2018 தீயை அணைக்க ராணுவ வீரர்களும் வரவேண்டியிருந்தது. மழை பெய்தால் வர்த்தூர்ச் சாலையில் நுரை பறக்கிறது. அதே தண்ணீர் தென்பெண்ணை வழியே ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போய் அங்கேயும் நுரைக்கிறது.

இப்படி நடக்கும்போதெல்லாம் "ஏரியில் கிருமி பெருகிவிட்டது" என்பார்கள். பொடி தூவுவார்கள், ஆகாயத்தாமரையை வாருவார்கள், கரையில் நடைபாதை போடுவார்கள். ஆனால் நுண்ணுயிர்கள் எல்லா ஏரியிலும் எப்போதும் இருப்பவை. நல்ல ஏரியிலும் ஒரு மில்லிலிட்டர் நீரில் பத்து லட்சம் அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் எது ஆட்சி செய்யும் என்பதை ஆக்சிஜன், வெளிச்சம், வெப்பம், கரைந்திருக்கும் சத்து ஆகியவை முடிவு செய்கின்றன. இந்த நிலைமைகளைக் கெடுப்பது யார் என்பதே குடிமக்கள் கேட்கவேண்டிய கேள்வி.

ஏரிக்குள் நடப்பது

பெங்களூரு ஏரிகள் பெரும்பாலும் மழைநீரைத் தேக்க வெட்டியவை. ஒன்று நிரம்பினால் ராஜகால்வாய் என்ற மழைநீர்க் கால்வாய் வழியே அடுத்ததற்குப் போகும். கோடையில் நீர் வற்றும், அடிச்சேறு வெயிலில் காயும், விவசாயிகள் வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்கள். தேங்கிய சத்து அப்படி வெளியேறியது. இன்று ராஜகால்வாயில் ஆண்டு முழுக்க ஓடுவது கழிவுநீர். ஏரி வற்றுவதும் இல்லை, சேறு காய்வதும் இல்லை.

கழிவுநீரில் வரும் மலம், உணவுக்கழிவு எல்லாம் பாக்டீரியாவுக்குத் தீனி. தின்னும்போது அவை நீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் கடல்மட்டத்து நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் அது இன்னும் குறைவு. மீன்வளத்துக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. சாக்கடை கூடி, வெயிலும் ஏறினால் இந்தச் சொற்ப இருப்பு தீர்ந்துவிடும். அதன்பிறகு ஆக்சிஜன் இல்லாமலே வாழத் தெரிந்த நுண்ணுயிர்கள் முன்னுக்கு வருகின்றன.

அறிகுறிகளைப் படிப்பது எப்படி?

அழுகிய முட்டை நாற்றம்: சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகிறது. அடிநீரில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள்.

குமிழிகள்: சேற்றுக்குள் வேறொரு கூட்டம் மீத்தேன் உண்டாக்குகிறது. பெல்லந்தூர்த் தீக்கு மீத்தேன், எண்ணெய்க் கழிவு, காய்ந்த புல், கொளுத்திய குப்பை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எதுவாயினும், மீத்தேன் எரியும் வாயு.

பச்சைப் படலம்: நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகும்போது மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் பெருகுகின்றன. பகலில் ஆக்சிஜனைத் தரும் பாசியே இரவில் அதைச் சுவாசித்துத் தீர்க்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதும் சாவதும் அதனால்தான். பகலிலும் ஆபத்து உண்டு. பாசி நீரின் காரத்தன்மையை உயர்த்த, கழிவுநீரின் அம்மோனியா மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறுகிறது.

நுரை: சோப்புத்தூளின் வேதிப்பொருள்கள், பாஸ்பரஸ், மட்கிய கழிவு, இழைபோன்ற சில பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்து ஏரி வாயிலில் நீர் விழும்போது தயிர் கடைந்ததுபோல் நுரை திரள்கிறது. முதல் மழை அடிச்சேற்றைக் கலக்கிவிடுவதால் அப்போது இன்னும் கூடுகிறது.

நமக்கு என்ன ஆபத்து?

செத்து மிதக்கும் மீனை வாங்கவோ சமைக்கவோ கூடாது. பச்சைப் படலம் உள்ள நீரை மாட்டுக்கும் நாய்க்கும் காட்டாதீர்கள். மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நஞ்சு கல்லீரலைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு.

ஏரிக்கரையில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் மலக் கோலிபார்ம் பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் நீரைப் பரிசோதியுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டைக் குறைக்காது. கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் தனி ஆபத்து.

உரிமை என்ன, பொறுப்பு யாருக்கு?

மாசற்ற நீரும் காற்றும் அரசியல் சட்டப் பிரிவு 21 தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. ஏரிகளைக் காப்பது குடிமக்களின் கடமை என்கிறது பிரிவு 51ஏ. நீர்நிலையில் மாசு கலக்கவிடுவதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், பிரிவு 24 தடை செய்கிறது. தனியாருக்கு மட்டுமல்ல, அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

பெல்லந்தூரே இதற்குச் சாட்சி. 2017 தீயையடுத்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்தது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. சீரமைப்புக்கு 500 கோடி ரூபாயை அரசு ஒதுக்கிவைக்க வேண்டும் என்றது. கண்காணிக்க நீதியரசர் சந்தோஷ் ஹெக்டே தலைமையில் குழு அமைத்தது.

நீங்கள் செய்யக்கூடியவை

சாக்கடை கலக்கும் வாயைத் தேதி, நேரம், இடக்குறிப்போடு படமெடுங்கள். கழிவுநீர்க் குழாய் உடைப்பு, கசிவு என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்து பதிவு எண்ணை வாங்குங்கள். ஆலையோ அடுக்குமாடியோ கழிவை விடுகிறதென்றால் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்றும் பாருங்கள். பெல்லந்தூரையும் வர்த்தூரையும் தூர்வாரும் பணி பெங்களூரு வளர்ச்சி ஆணையத்திடம் உள்ளது. பல ஏரிகள் பழைய மாநகராட்சியிடம் இருந்தன. 2025 முதல் அதன் இடத்தில் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் ஐந்து மாநகராட்சிகளும் வந்துள்ளன.

பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். "ஏரி சுத்தமாக உள்ளதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஓராண்டின் கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, அம்மோனியா, பாஸ்பேட், மலக் கோலிபார்ம் அளவுகளைக் கேளுங்கள். மாதிரி எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். பாசி நிறைந்த ஏரியில் பிற்பகலில் அளந்த ஆக்சிஜன் நன்றாகவே தெரியும், விடிகாலை நிலை அதில் தெரியாது.

அடுத்த படி பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கர்நாடகமும் தமிழ்நாடும் அதன் வரம்புக்குள் வருவதால், பெங்களூருக் கழிவால் பாதிக்கப்படும் ஓசூர் விவசாயியும் அங்கே போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஐந்தாண்டு அவகாசம் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைப் பெறலாம்.

உங்கள் அடுக்குமாடியின் சுத்திகரிப்பு நிலையம் இரவும் ஓடுகிறதா, மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்துகிறார்களா என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேளுங்கள். அந்த நீரும் ஏரிக்குத்தான் போகிறது.

எது தீர்வு?

சாக்கடை ஓடிக்கொண்டிருக்கும்போது பாக்டீரியாப் பொடி தூவுவதும் காற்றூட்டும் கருவி வைப்பதும் தற்காலிக ஆறுதல். கழிவுநீர் வரத்தை நிறுத்துவது அல்லது முழுமையாகச் சுத்திகரிப்பது முதல் வேலை. வடக்கு பெங்களூரின் ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலைய நீர் நேரே விழாமல், கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பின் வழியே போகிறது. செடிகள் சத்தை உறிஞ்சுகின்றன. அங்கும் ஆக்சிஜனற்ற சேற்றில் பாக்டீரியா உண்டு, அது நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. செடிகளை அவ்வப்போது அறுத்து அகற்றுவது முக்கியம். அழுகவிட்டால் சத்து மீண்டும் நீருக்கே வரும்.

ஆகவே உங்கள் பகுதியில் ஏரிச் சீரமைப்பு என்று டெண்டர் வந்தால், வேலிக்கும் நடைபாதைக்கும் எவ்வளவு, கழிவுநீரைத் திருப்புவதற்கும் தூர்வாருவதற்கும் சதுப்புக்கும் எவ்வளவு என்று திட்டமதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது தொகை காலியாக இருந்தால், பணி தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.