வாட் அப்புறம், முதலில் ஓம்

"அண்ணாச்சி, பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு கிடைச்சிருக்கு. வீட்டு ஸ்பீக்கரை மாட்டலாமா?" என்று கேட்கும் தம்பிகள் அடுத்து வாட்டைத்தான் கேட்பார்கள். வாட் இருக்கட்டும், முதலில் ஓம் பாருங்கள். டீயைக் குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடைக்கு மைக் செட் போட்டவர்களுக்கு இது கைப்பழக்கம். சுடலைமாடன் கோயில் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. வில்லுப்பாட்டோ ஊருக்குள்ளும் கேட்க வேண்டும், நடுவில் வயல். கோயிலில் ஆம்ப்ளிஃபயர், அரை கிலோமீட்டர் தள்ளி ஊர் முக்கில் குழாய் ஸ்பீக்கர் என்று வையுங்கள். ஒயர் போக ஒன்று, வர ஒன்று. மொத்தம் ஒரு கிலோமீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் அதன் தடையே சுமார் 17 ஓம். குழாயின் யூனிட் 16 ஓம். நேராக இணைத்தால் பாதிக்கு மேல் சக்தி ஒயரைச் சூடாக்கியே தீர்ந்துபோகும்.

அதற்குத்தான் 100 வோல்ட் லைன். குழாயடியில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரை வைத்து 20 வாட் முனையில் மாட்டினால், லைனுக்கு அந்தக் குழாய் 500 ஓமாகத் தெரியும். (100-ஐ 100-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்துப் பாருங்கள்.) 500-க்கு முன்னால் 17 எம்மாத்திரம்? ஒயரில் போவது 3 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 100 வாட் செட் இப்படி ஐந்து குழாய்களைத் தாங்கும். ஆறாவது வேண்டாம்.

வால்வு செட்டுக்குள்ளும் இதே கணக்குதான். வால்வு அதிக வோல்டேஜில் கொஞ்சமாகத்தான் கரண்ட் தரும். அதற்குச் சில ஆயிரம் ஓம் வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றுகள் 20-க்கு 1 என்றால் ஓம் 400 மடங்காகும். 8 ஓம் வால்வுக்கு 3,200 ஓமாகத் தெரியும். அதே முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 1,600-தான், வால்வு திணறும். பின்பக்கம் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருப்பது அதனால்தான்.

வால்வு செட்டை ஸ்பீக்கர் இல்லாமல் பாட விடவே கூடாது. போக்கிடம் இல்லாத சக்தி டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜாக ஏறி, பொறி பறந்து, சுற்று எரிந்துவிடும். டிரான்சிஸ்டர் செட் நேர் எதிர். ஒயர் கழன்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம், கரண்ட் இரட்டிப்பு. அதை மறந்து செட்டைச் சுட்டுவிடுபவர்கள் நிறைய.

இனி வாட்டுக்கு வருவோம். நல்ல குழாய் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 105 டெசிபலைத் தாண்டும். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 86 முதல் 90 வரை. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும். 8 ஓம், 90-க்கு மேல் என்றால் 10 வாட் வால்வு செட் சாதாரண அறைக்குத் தாராளம். வில்லிசைக் குரலை அதில் கேட்கத்தான் எனக்குப் பிடிக்கும். 4 ஓம், 85 டெசிபல், பெரிய வூஃபர் என்றால் யோசிக்காமல் டிரான்சிஸ்டருக்குப் போங்கள். வூஃபரின் அசைவை அதுதான் இறுக்கிப் பிடிக்கும்.

ஒன்று மட்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு செட்டின் கப்பாசிட்டரில் பல நூறு வோல்ட் நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அடிமூடியைத் திறக்காதீர்கள்.